தொப்பிக்குள் இருந்தது

பட்டமளிப்பு விழா நெருங்கும்போதெல்லாம் நம் விடுதிகளில் ஒரு வழக்கு எழுவதுண்டு. கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் வெள்ளையர் விட்டுப்போன எச்சம், அவற்றைக் களைந்து கைத்தறி அங்கவஸ்திரம் அணிவோம் என்பர் ஒரு சாரார். இத்தனை ஆண்டு உழைப்புக்குத் தொப்பியோடு ஒரு புகைப்படங்கூட இல்லையா என்று ஏங்குவர் மற்றொரு சாரார். இரு தரப்பினரும் தொப்பியை நமக்கு யார் தந்தார் என்பதைப் பற்றியே வாதிடுகின்றனர். தொப்பியை யார் செய்தார், செய்ததனால் அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பவரை நான் இதுவரை கண்டதில்லை. இரசாயனம் படிக்கும் எனக்கு அந்தக் கேள்வியே பெரிதாகப்படுகிறது.

நம் சதுரத் தொப்பி வெறும் துணியும் அட்டையுந்தான். அதன்மேல் எனக்குப் பகையில்லை. நான் சொல்ல வந்தது, மேல்நாட்டுக் கனவான்கள் தெருவில் இறங்கும்போதெல்லாம் தலையில் கவிழ்த்துக்கொண்ட உரோமத் தொப்பியின் கதை. முண்டாசும் தலைப்பாகையும் கட்டிப் பழகிய நமக்குத் தொப்பி ஓர் அலங்காரம். அவர்களுக்கோ அது அந்தஸ்து. வெறுந்தலையோடு வெளியே போவது மரியாதைக் குறைவு என்று எண்ணிய காலம் நெடுங்காலம் இருந்தது. ஆகவே தொப்பி கோடிக்கணக்கில் வேண்டியிருந்தது.

அதற்கான பொருள் ஃபெல்ட். இது நெய்த துணியன்று. விலங்கின் உரோமத்தை வெந்நீராலும் நீராவியாலும் அழுத்தத்தாலும் ஒன்றோடொன்று சிக்கவைத்துத் தகடாக்குவது. இதற்கு மிகச் சிறந்தது பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் உரோமம். ஐரோப்பாவில் அவ்விலங்கைத் தொப்பிக்காகவே ஏறக்குறைய வேரறுத்துவிட்டு, வட அமெரிக்கக் காடுகளுக்குப் போனார்கள். 1670இல் தோன்றிய ஹட்சன் விரிகுடாக் கம்பெனி செழித்ததே இந்த உரோமத்தால்தான். ஒரு விலங்கின் தோலுக்காக ஒரு கண்டத்தின் நதிகளையெல்லாம் துழாவினார்கள் என்றால் நாகரிகத்தின் பசி எத்தகையது என்று பாருங்கள்!

பீவர் விலை ஏற ஏற, முயலின் உரோமத்துக்கு மாறினார்கள். அங்கேதான் இரசாயனம் நுழைகிறது. முயலின் உரோமம் வழவழப்பானது, எளிதில் சிக்கிக்கொள்ளாது. பாதரச நைட்ரேட்டுக் கரைசலைத் தோலின்மேல் பூசினால் அது உரோமத்தின் புரதத்தைத் தாக்கிச் சொரசொரப்பாக்கி முறுக்கிவிடும். உரோமத்தின் நுனி காரட் நிறமாகும். அதனால் தொழிலாளர் இந்த வேலையைக் காரட்டின் பெயராலேயே அழைத்தனர். எவ்வளவு அழகான பெயர்! அந்தத் தோலை உலர்த்தும்போதும், உரோமத்தை ஊதிப் பிரிக்கும்போதும், கூம்பாக்கி வெந்நீரில் சுருக்கும்போதும், கடைசியில் இஸ்திரி போடும்போதும் பாதரசம் ஆவியாகிக்கொண்டே இருந்தது. குளிர்காலத்தில் சன்னல்களையும் சாத்திவிடுவார்கள்.

அந்த ஆவிக்கு மணமில்லை, நிறமில்லை. கை நடுங்கும், பிறகு உதடு, நாக்கு, கால்கள். ஈறு வீங்கிப் பல் ஆடும். மனமும் மாறும். புதியவர் எதிரே நிற்கக் கூசுவார்கள். அற்ப விஷயத்துக்குச் சீறுவார்கள். ஆலிஸின் கதையில் (1865) வரும் தொப்பிக்காரனை இந்நோய்க்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவன் வாயாடி, இந்நோயாளியோ ஒதுங்கிப்போய் மூலையில் நிற்பவன். தெருவில் தள்ளாடியவனைக் கண்டவர்கள் குடித்திருக்கிறான் என்று சொல்லிக் கடந்து போனார்கள்.

தெரியாமல் நடந்ததா? இல்லை. நியூ ஜெர்சியின் தொப்பித் தொழிலாளரிடையே பாதரச நோய் பரவியிருப்பதை ஃப்ரீமன் என்ற மருத்துவர் 1860இலேயே எழுதிவைத்தார். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியரான ஆலிஸ் ஹாமில்டன் 1922இல் மீண்டும் ஆராய்ந்து எழுதினார். அமெரிக்க அரசாங்கம் இத்தொழிலில் பாதரசத்தை நிறுத்தச் செய்தது 1941 டிசம்பரில். முதல் எச்சரிக்கைக்கும் முடிவுக்கும் இடையே எண்பத்தோர் ஆண்டுகள். அந்த முடிவுக்கும் கருணை ஒன்றே காரணமன்று. யுத்தத்துக்கு வெடிதூண்டிகள் செய்யப் பாதரசம் தேவைப்பட்டது. தேவை வந்தவுடன், பாதரசமின்றித் தரமான தொப்பி செய்யவே முடியாது என்ற பேச்சு மறைந்துவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு அதே வேலையைச் செய்ய முடிந்தது.

அந்நாட்டுச் சட்டம் இயல்பிலேயே மெதுவாக நடப்பது என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. கனெக்டிகட் மாநிலத்து டான்பரி நகரம் தொப்பித் தொழிலின் தலைநகர். இந்நோயின் நடுக்கத்துக்கே ‘டான்பரி நடுக்கம்’ என்று பெயர் விழுந்த ஊர். அங்கே 1902இல் தொழிற்சங்கம் ஒரு முதலாளியின் தொப்பிகளை வாங்காதீர் என்று நாடெங்கும் பிரசாரம் செய்தது. அம்முதலாளி வழக்குத் தொடுத்தார். 1908இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரசாரம் வாணிகத்துக்குத் தடை என்று தீர்ப்பளித்தது. 1915இல் ஏறத்தாழ இரண்டரை லட்சம் டாலர் நஷ்டஈட்டை உறுதி செய்தது. சாதாரணத் தொழிலாளரின் வீடுகளும் வங்கிச் சேமிப்பும் பிணையாயின. தொழிலாளி முதலாளியின் வாணிகத்துக்கு ஊறு செய்தால் ஆறே ஆண்டில் தீர்ப்பு! வாணிகம் தொழிலாளியின் நரம்புக்கு ஊறு செய்தால்?

இதே காலத்தில் பெண்களின் தொப்பியில் வேறொரு கதை நடந்தது. இதை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. வெண்கொக்கு இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் முதுகில் மெல்லிய தூவி வளர்க்கும். சீமாட்டிகளின் தொப்பிக்கு அது வேண்டியிருந்தது. நிறைக்கு நிறை பொன்னைவிட அதிக விலை பெற்ற நாள்களும் உண்டு. தாய்ப்பறவையைச் சுட்டுவிட்டால் கூட்டில் இருக்கும் குஞ்சுகள் பட்டினியால் மடியும். இதைப் பொறாமல் 1889இல் இங்கிலாந்தில் எமிலி வில்லியம்சன் ஒரு சங்கம் தொடங்கினார். 1896இல் பாஸ்டன் நகரத்து ஹாரியட் ஹெமன்வே தம் தோழியருக்குத் தேநீர் விருந்து வைத்து, இறகுத் தொப்பி அணியோம் என்று இசையச் செய்தார். 1902இல் நம் இந்திய அரசாங்கமே பறவைத் தோலும் இறகும் ஏற்றுமதியாவதைத் தடுத்தது. பிரிட்டன் 1921இல் இறக்குமதியைத் தடுத்துச் சட்டமியற்றியது.

அந்தப் பெண்மணிகளை நான் குறை கூறவில்லை; போற்றுகிறேன். நம் ஏரிக் கரையில் இன்றும் கொக்கு நிற்கிறதென்றால் அவர்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் கொக்குக்கு நீதி முந்தியும் தொழிலாளிக்குப் பிந்தியும் கிடைத்தது ஏன்? இறகு தொப்பியின் மேலே இருந்தது. அணிந்தவர் கண்ணாடியில் பார்க்கும்தோறும் அது கண்ணை உறுத்தியது. பாதரசமோ தொப்பிக்குள் இருந்தது. கடைக்காரர் அதைப்பற்றிப் பேசவில்லை, வாங்கியவர் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் நாம் இரங்குகிறோம். அப்படியானால் தெரியாததைத் தெரியச் செய்வது யார் பொறுப்பு? பாதரசத்தின் ஆவியழுத்தத்தை அட்டவணையில் பார்த்துத் தேர்வில் எழுதுகிறவர்களாகிய நம் பொறுப்பன்றோ?

இது அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட முடியாது. நம் கொடைக்கானலில் வெப்பமானி செய்த ஆலை 2001இல்தான் மூடப்பட்டது. பாதரசத்தைக் கையாண்டு உடல் கெட்டதாக முறையிட்ட 591 தொழிலாளர் விஷயத்தில் உடன்பாடு ஏற்பட்டது 2016இல். ஜுரம் வந்தபோது வெப்பமானியை நாக்கின்கீழ் வைத்துக்கொண்ட நம்மில் எத்தனை பேர் அதைச் செய்தவரை நினைத்தோம்?

ஆகவே நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அங்கியா, அங்கவஸ்திரமா என்ற பட்டிமன்றம் இவ்வாண்டும் நடக்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. அதற்கு முன் ஒரு மாலை நம் ஆய்வகங்களைச் சுற்றி வருவோம். இன்னும் பாதரச வெப்பமானி எத்தனை இருக்கிறது என்று எண்ணுவோம். எங்கள் ஆய்வகத்தில் வெப்பமானி உடைந்தால் உடைத்தவர் கைகழுவிவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறார். உதவியாளர் ஒருவர் துடைப்பத்தோடு வந்து, மேசைக்கடியில் குனிந்து, உருண்டைகளைப் பெருக்கித் தள்ளுகிறார். பெருக்கப் பெருக்க அவை நுண்துளிகளாகச் சிதறி முன்னினும் விரைவாக ஆவியாகும் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. சன்னலைத் திறந்துவிட்டு, அட்டைத் துண்டால் உருண்டைகளை ஒன்றுகூட்டி, மூடியுள்ள புட்டியில் அடைக்க வேண்டும். துடைப்பம் கூடாது. தமிழிலும் இந்தியிலும் இதை ஒரு பலகையில் எழுதி வாயிலருகே மாட்ட ஒரு பிற்பகல் போதும். பலகைக்கு ஆகும் செலவை நானும் என் அறைத் தோழரும் ஏற்றுக்கொள்கிறோம். இந்தியில் எழுதத் தெரிந்த ஒருவர் மட்டும் வேண்டும்.