தேவிகுளத்தின் முதல் உறுப்பினர்

1957இல் கேரளத்தின் முதல் சட்டமன்றத்தில் முதலாவதாக உறுதிமொழி ஏற்றவர், தேவிகுளத்தில் வென்ற தோழர் ரோசம்மா புன்னூஸ். அவ்வாண்டே அவ்வெற்றி செல்லாதென்று தீர்ப்பாயிற்று. 1958 இடைத்தேர்தலில் மீண்டும் வென்றார். 126 இடங்களுள் கட்சி உறுப்பினர் 60 பேரும் சுயேச்சைகள் ஐவரும் தாங்கிய அரசுக்கு அவ்வோர் இடத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

காஞ்சிரப்பள்ளியில் பிறந்த மலையாளி அவர். அவரைத் தேர்ந்தவர்களோ பெரிதும் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர். அவர்களிடையே பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தமிழில் பாடிக் கட்சியைக் கொண்டுசென்றார்.

மூணாறு முதல் பாலக்காட்டுச் சித்தூர் வரை நமது துண்டறிக்கைகள் மலையாளத்தில் எழுதப்பட்டு, இறுதி இரவில் தமிழாக்கப்படுமானால் (அத்தமிழ் எப்படியிருக்கும் என்பதை மொழிபெயர்ப்போர் அறிவர்) லயங்களில் அவற்றைப் படிப்போர் இரார். எல்லைப்புறக் குழுக்கள் தமிழிலேயே எழுதத் தொடங்கட்டும்; தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டா.