தவளைக்கண் காரும் நம் கடைச் செலவும்

செலவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு இன்று எல்லாக் கடைகளிலும் கேட்கிறது. எதைக் குறைப்பது, எதில் கை வைக்கக் கூடாது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். இதற்கு நல்ல பாடம், இங்கிலாந்தில் 1958-ல் வந்த ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் கார். மளிகைக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று வணிகப் பெருமக்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

காரின் பெயர் ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட். அதிக வசதியில்லாத இளைஞர்களும் வாங்கும்படியான ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தலைவர் லெனார்ட் லார்ட் விரும்பினார். டொனால்ட் ஹீலியின் நிறுவனம் வடிவமைத்துக் கொடுத்தது. வரி உள்பட விலை சுமார் 669 பவுன்.

எப்படி முடிந்தது? புது என்ஜின் செய்யவில்லை. ஆஸ்டின் ஏ-35 காரின் 948 சி.சி. என்ஜினையே எடுத்து, இரண்டு கார்புரேட்டர் பொருத்தி, 43 குதிரைசக்தி தரச் செய்தார்கள். முன்பக்க சஸ்பென்ஷனும் அதே காருடையது. ஸ்டியரிங் மாரிஸ் மைனருடையது. கிடங்கில் இருந்த சரக்கிலேயே புதுப் பண்டம்!

டிக்கிக்குக் கதவே வைக்கவில்லை. செலவும் மிச்சம், பின்பாகத்தின் உறுதியும் கூடிற்று. பெட்டி வைக்க வேண்டுமானால் ஸீட்டின் முதுகைச் சாய்த்து உள்ளே தள்ள வேண்டும். பக்கக் கதவுகளுக்கு வெளிக் கைப்பிடி கிடையாது. உள்ளே கைவிட்டுத் திறக்க வேண்டும். முகவிளக்குகள் மடங்கி எழும்படி முதலில் திட்டமிட்டார்கள். செலவு கருதி நிமிர்ந்தபடியே நிறுத்திவிட்டார்கள். 'தவளைக்கண்' என்ற பட்டப்பெயர் வந்தது அதனால்தான்.

ஆனால், ஓட்டுகிற சுகத்தைக் குறைக்கவில்லை. சொன்னபடி திரும்பும் ஸ்டியரிங், கனம் குறைந்த உறுதியான கூடு இரண்டும் இருந்தன. 1959-ல் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில், பந்தயத்துக்கெனத் தயார் செய்த ஸ்ப்ரைட்டுகள் தம் பிரிவில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. 1961-க்குள் ஏறக்குறைய 49,000 கார்கள் உற்பத்தியாயின. அவ்வாண்டு வந்த அடுத்த மாடலில் டிக்கிக் கதவையும் வைத்துக் கொடுத்தார்கள்.

எங்கள் மண்டியில் நாங்கள் இதற்கு நேர்மாறாகச் செய்தோம். சில வருடங்களுக்கு முன், கூலி மிச்சம் என்று துவரம்பருப்பைச் சலித்துப் பொறுக்கும் வேலையை நிறுத்தினோம். போர்டு விளக்கையும் ஏ.சி. அறையையும் தொடவில்லை. மூன்றே மாதத்தில் கல் இருக்கிறதென்று மூட்டைகள் திரும்பின. இருபது வருட வாடிக்கைக்காரர் ஒருவர் சண்டை போடாமலே வேறு மண்டிக்குப் போய்விட்டார். மறுபடி ஆள் போட்டோம்; அவர் வரவில்லை.

பெரிய கடைகளோடு போட்டியிடும் நாம் சிக்கனமாக இருந்தே தீரவேண்டும். அந்தச் சிக்கனம் கைப்பிடியில் இருக்கட்டும், ஸ்டியரிங்கில் வேண்டாம். எடையும் தரமும் பேச்சுச் சுத்தமுமே நம் ஸ்டியரிங். மற்றதையெல்லாம் தாராளமாகக் குறைப்போம்.