கேட்காத சிம்பொனிக்குக் கைதட்டுகிறோம்

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. மிக்கேல் டாம்ஸ் நடத்த, ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்க ஒரே வாழ்த்து மழை. ஆனால் அந்த இசை எப்படி இருந்தது என்று ஒருவர்கூட எழுதவில்லை!

நமக்கு இது பழகிப்போன விஷயம். 1993-லேயே ராஜா ஒரு சிம்பொனி எழுதி, இதே ஆர்கெஸ்ட்ராவை வைத்து லண்டனில் ஒலிப்பதிவும் செய்தார். ஜான் ஸ்காட் நடத்தினார். அது இன்றுவரை வெளியாகவில்லை. ஒரு நொடிகூடக் கேட்காத அந்த இசைக்காக முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

'முதல் இந்தியர்' என்ற பட்டத்துக்கும் இங்கே சண்டை. ரவிசங்கரின் சிம்பொனியை 2010-லேயே லண்டன் பில்ஹார்மோனிக் வாசித்துவிட்டது. யார் முதல் என்ற பட்டிமன்றத்தால் இசைக்கு என்ன லாபம், சொல்லுங்கள்?

என்னைக் கேட்டால், மறுபடி மறுபடி வாசிக்கப்பட்டால்தான் ஒரு சிம்பொனி பிழைக்கும். ஷொஸ்தகோவிச்சின் ஏழாவது சிம்பொனி 1942 மார்ச்சில் குய்பிஷெவ் நகரில் அரங்கேறியது. அதே வருஷம் ஆகஸ்ட் 9 அன்று, ஜெர்மானிய முற்றுகையில் பட்டினி கிடந்த லெனின்கிராடில் கார்ல் எலியாஸ்பெர்க் அதை நடத்தினார். உயிரோடு மிஞ்சிய கலைஞர்கள் போதவில்லை என்று ராணுவ வாத்தியக்காரர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஊர்க்காரர்களே அந்த ஊரில் வாசித்ததால்தான் அது லெனின்கிராடின் இசை ஆனது.

நம் ஊரில் யார் வாசிப்பது? தன்ராஜ் மாஸ்டரிடம் ராஜா மேற்கத்திய இசை படித்தது இதே சென்னையில்தான். எங்கள் திருநீர்மலைக் கோயிலில் சினிமாக் காதலர்கள் ஓடிவந்து மாலை மாற்றிய காலத்தில், கோடம்பாக்கம் ஸ்டுடியோக்களில் வரிசையாக உட்கார்ந்து வயலின் வாசித்தவர்கள் இருந்தார்கள். கீபோர்டும் கம்ப்யூட்டரும் வந்தபின் அவர்களுக்கு வேலை குறைந்துபோனது. மும்பையிலோ 2006-ல் 'சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா' தொடங்கினார்கள்.

ராஜாவுக்கு எத்தனை விழா எடுத்தாலும் தகும். அந்தச் செலவில் ஒரு பங்கை மாதச் சம்பளம் வாங்கும் சென்னை ஆர்கெஸ்ட்ரா ஒன்றுக்கு ஒதுக்கினால் என்ன? டிக்கெட் விலை சினிமா டிக்கெட் அளவில் இருக்கட்டும். தாம்பரத்தில் ரயில் ஏறி நாமும் போய்க் கேட்போம். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுதுவோம். கேட்டவர்களுக்குத்தானே அந்த உரிமை உண்டு?