இயக்கியைப் புதுப்பிக்கச் சொல்வோரிடம் சில கேள்விகள்

கணினித் திரை திடீரெனக் கறுத்துப் போனாலும் சரி, விளையாட்டு நடுவில் உறைந்து நின்றாலும் சரி, காணொளி துண்டு துண்டாக ஓடினாலும் சரி, பாவனையாளருக்குக் கிடைக்கும் முதல் ஆலோசனை ஒன்றே: 'வரைகலை இயக்கியைப் புதுப்பித்துப் பாருங்கள்.' உற்பத்தியாளரின் உதவிப் பக்கம் இதைத்தான் சொல்கிறது. கடையில் கணினி திருத்துபவரும் இதைத்தான் சொல்கிறார். எமது தமிழ்ப் பத்திரிகைகளின் கணினிப் பக்கங்களும் இதையே திரும்பத் திரும்ப அச்சிடுகின்றன. எந்த நோயென்று போனாலும் பனடோல் கொடுத்து அனுப்பும் வைத்தியரின் ஞாபகம் எனக்கு வருவதுண்டு. ஆலோசனை முழுப் பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்குள் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. பழுதின் பொறுப்பைச் செய்தவரிடமிருந்து எடுத்து, பணம் கொடுத்து வாங்கியவரின் தலையில் அது மெல்ல இறக்கி வைத்துவிடுகிறது.

டிரைவர் எனப்படும் இம்மென்பொருளைத் தமிழில் இயக்கி என்பாரும் உளர், செலுத்தி என்பாரும் உளர். எனக்கு இயக்கி என்பதே பிடிக்கும். சிலப்பதிகாரத்தில் மதுரைப் புறஞ்சேரியில் ஆயர்குல மாதரி பால்மடை கொடுத்து வழிபட்ட தெய்வத்தின் பெயரும் இயக்கிதான். இன்றைய இயக்கிகளும் காலந்தவறாமல் படையல் கேட்பவையே. விடயத்துக்கு வருவோம். 'இந்தப் படத்தைத் திரையில் வரை' என்று இயங்குதளம் பொதுமொழியில் இடும் கட்டளையை, குறித்தவொரு வரைகலைச் சிப்புக்கு மட்டும் விளங்கும் மொழிக்கு மாற்றிக் கொடுக்கும் மொழிபெயர்ப்பாளரே இயக்கி. அந்தச் சிப்பின் மொழியை உற்பத்தியாளர் எவருக்கும் சொல்லிக் கொடுக்காவிட்டால், மொழிபெயர்ப்பாளரை அனுப்பும் அதிகாரமும் திருப்பி அழைக்கும் அதிகாரமும் அவர் ஒருவரிடமே இருக்கும். இதை மனதிற் கொண்டால் மிகுதி யாவும் விளங்கும்.

புதியது என்பதாலேயே ஓர் இயக்கி நல்லதாகிவிடாது என்பதற்கு, மறந்துபோன ஒரு வழக்கை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. விண்டோஸ் விஸ்டா 2007 ஜனவரி 30இல் பொதுமக்களின் விற்பனைக்கு வந்தது. அதன் கண்ணாடி போன்ற புதுத் தோற்றத்துக்கு, புதிய மாதிரியில் எழுதப்பட்ட வரைகலை இயக்கி கட்டாயமாக்கப்பட்டிருந்தது. விற்பனை நாள் வந்தது. இயக்கிகள் பக்குவப்பட்டு வரவில்லை. பின்னர் சியாட்டில் நகரின் சமஷ்டி நீதிமன்றில் நடந்த வழக்கொன்றில், 2008ஆம் ஆண்டு, மைக்ரோசொப்டின் உள்ளக ஆவணங்கள் பகிரங்கமாயின. 2007இல் பதிவான விஸ்டா முடக்கங்களை அந்த ஆவணங்களிலிருந்த அட்டவணை ஒன்று வகைப்படுத்தியிருந்தது. 28.8 சதவீதம், எண்ணிக்கையில் 479,326, என்விடியாவின் இயக்கிகளால் நேர்ந்தவை. மைக்ரோசொப்டின் சொந்தக் கைங்கரியம் 17.9 சதவீதம். ஏ.ரி.ஐ.யின் பங்கு 9.3, இன்டெலின் பங்கு 8.8. பழைய இயக்கியைப் புதுப்பிக்காத சோம்பேறிகளின் கணினிகளா இவை? விஸ்டாவுக்கென்றே எழுதப்பட்ட புத்தம்புது இயக்கிகள் ஓடிய கணினிகள்!

அதே வழக்கில் வெளிவந்த இன்னொரு விடயம் இதைவிடச் சுவையானது. இன்டெலின் 915 என்ற சிப் தொகுதிக்குப் புதிய மாதிரி இயக்கி இல்லை. ஆயினும், அச்சிப் பொருத்திய கணினிகளிலும் 'விஸ்டாவுக்கு ஏற்றது' என்ற முத்திரையை ஒட்டலாம் என மைக்ரோசொப்ட் தன் விதியைத் தளர்த்தியது. அந்நிறுவனத்தின் துணைத் தலைவர்களுள் ஒருவரான மைக் நாஷ் அவ்வாறான மடிக்கணினி ஒன்றை வாங்கிவிட்டு, 2,100 டொலர் கொடுத்தும் மின்னஞ்சல் பார்ப்பதற்கே அது உதவுகிறது என்று சகாக்களுக்கு நொந்து எழுதியிருந்தார். உள்வீட்டுக்காரருக்கே இந்த நிலையென்றால், முத்திரையை நம்பிக் கடையில் வாங்கிய சாதாரணரின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. இல்லாத இயக்கியை அவர் எங்கிருந்து புதுப்பிப்பார்? வழக்கோ 2009இல் குழு வழக்கு என்ற தகுதியை இழந்து சோர்ந்து போயிற்று.

இவை பழங்கதை என்று ஒதுக்குவோருக்காக இரண்டைச் சேர்க்கிறேன். 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 என்ற பதிப்பு, அட்டையின் விசிறியைக் கட்டுப்படுத்தும் பகுதியிலேயே பிழையுடன் வந்தது. அட்டைகள் கொதித்தன. நிறுவனம் பதிப்பை மீளப் பெற்றது. 2015 நவம்பரில் ஏ.எம்.டி. பெரும் ஆரவாரத்துடன் வெளியிட்ட கிரிம்சன் இயக்கி, விசிறியின் வேகத்தைக் கீழ்மட்டத்திலேயே நிறுத்தி வைத்தது. சில நாட்களுக்குள் அவசரத் திருத்தம் வந்தது. வெளியான அன்றே புதுப்பித்த 'பொறுப்புள்ள' பாவனையாளர்தான் இரண்டு தடவையும் அகப்பட்டார். சோம்பியிருந்தவர் தப்பினார்.

புதிய பதிப்பு வேகத்தைக் கூட்டும் என்ற விளம்பரத்தையும் சற்றுச் சந்தேகத்துடனேயே நோக்க வேண்டும். 2001இல் ஏ.ரி.ஐ.யின் இயக்கி, குவேக் 3 என்ற விளையாட்டைப் பெயரைக் கொண்டு அடையாளங்கண்டு, படத்தின் தெளிவைக் குறைத்து வேகத்தைக் கூட்டிக் காட்டியது. விளையாட்டுக் கோப்பின் பெயரை 'குவேக்' என்பதிலிருந்து 'குவாக்' என்று மாற்றியதும் படம் தெளிந்தது, வேகம் விழுந்தது. 2003 மே மாதத்தில் பியூச்சர்மார்க் நிறுவனம் தன் வேகப் பரிசோதனை மென்பொருளைத் திருத்தி, என்விடியாவின் இயக்கி அதனை இனங்காண முடியாதபடி செய்தபோது, புள்ளிகள் 24.1 சதவீதம் இறங்கின. அடுத்த மாதமே இரு நிறுவனங்களும் கூட்டறிக்கை விட்டு, அது மோசடியல்ல, 'குறித்த மென்பொருளுக்கான மேம்படுத்தல்' என்று பெயர் சூட்டின. அரசியல்வாதிகளின் அறிக்கைகளை முப்பது வருடங்களாகத் திருத்தி எழுதிய கை இது. இத்தகைய சொல்லாட்சியை நான் மெச்சவே செய்கிறேன்.

அப்படியானால் புதுப்பிக்காமலே இருந்துவிடலாமா? முடியாது. நிறுவனங்களின் பிடி இறுகுவதும் இவ்விடத்திற்றான். வரைகலை இயக்கி, இயங்குதளத்தின் ஆழத்தில், மிக உயர்ந்த அதிகாரத்துடன் ஓடுவது. அதில் ஓட்டை இருந்தால் கணினி முழுவதற்கும் ஆபத்து. 2024 ஜனவரியில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்திய 'லெஃப்ட்ஓவர்லோக்கல்ஸ்' என்ற குறைபாடு, ஒரு மென்பொருள் வரைகலைச் சிப்பின் நினைவகத்தில் விட்டுச் சென்ற தரவை இன்னொன்று வாசிக்க இடங்கொடுத்தது. ஏ.எம்.டி., அப்பிள், குவால்கொம், இமேஜினேஷன் ஆகிய நால்வரின் சிப்புகளும் பாதிக்கப்பட்டிருந்தன. செயற்கை நுண்ணறிவுடன் ஒருவர் நடத்தும் உரையாடலையே பக்கத்திலிருந்து ஒட்டுக்கேட்கலாம் என்று காட்டினார்கள். இத்தகைய ஓட்டைகளை அடைக்கும் இற்றைப்படுத்தலைத் தவிர்ப்பது அறிவீனம்.

ஆனால் அதனைப் பெறும் வழி யாருடைய கையில் இருக்கிறது? மாலி என்ற வரைகலைச் சிப்பில் இருந்த ஐந்து ஓட்டைகளை, அதனை வடிவமைத்த ஆர்ம் நிறுவனம் 2022 ஜூலை, ஓகஸ்ட் மாதங்களிலேயே அடைத்துக் கொடுத்துவிட்டது. நவம்பரில் கூகிளின் ஆய்வுக்குழு தேடிப் பார்த்தபோது, அச்சிப் பொருத்திய சாம்சங், சியோமி, ஒப்போ கைத்தொலைபேசிகளுக்கு அத்திருத்தம் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. கூகிளின் சொந்த பிக்சலுக்கும் சேரவில்லை என்பது வேடிக்கை. கைத்தொலைபேசி வைத்திருப்பவர் தானாக ஓர் இயக்கியைத் தரவிறக்கிப் போட வழியே இல்லை. மடிக்கணினியிலும் நெடுங்காலம் இதே நாடகந்தான். சிப் செய்தவர் 'கணினி செய்தவரிடம் கேளுங்கள்' என்பார், கணினி செய்தவர் தன் தளத்தில் மூன்று வருடப் பழைய பதிப்பைத் தூசி படிய வைத்திருப்பார். இன்டெல் தன் பொது இயக்கியை எந்த மடிக்கணினியிலும் நேரடியாக நிறுவ அனுமதித்ததே 2020இல்தான்.

இனி எல்லாவற்றிலும் கொடுமையானதைச் சொல்கிறேன். என்விடியாவின் ஜி.ரி.எக்ஸ். 1060 என்ற அட்டை 2016இல் வெளிவந்தது. ஸ்டீம் தளத்தின் மாதாந்தக் கணக்கெடுப்பில் பல வருடங்கள் முதலிடத்தில் இருந்த ஏழை வீட்டுப் பிள்ளை அது. பாஸ்கல் எனப்படும் அந்தத் தலைமுறைக்கு வழமையான இற்றைப்படுத்தல்கள் 2025 ஒக்டோபருடன் முடிந்தன. பாதுகாப்புத் திருத்தங்கள் மாத்திரம் 2028 ஒக்டோபர் வரை வரும். அதன் பிறகு ஒன்றுமில்லை. ஒன்பது வருட ஆதரவு குறைவானதல்ல என்று சிலர் வாதிடுவர், ஏ.எம்.டி. 2015இல் விற்ற பியூரி அட்டைகளை ஆறே வருடத்தில், 2021இல், கைகழுவியதை நோக்க இது தாராளமே. எனது கேள்வி வருடக் கணக்கைப் பற்றியதன்று. தான் கைவிட்ட பிள்ளையை வேறொருவர் எடுத்து வளர்க்கவும் அந்நிறுவனம் விடுகிறதா?

விடவில்லை. லினக்ஸ் உலகில் நூவோ என்ற பெயரில், என்விடியா அட்டைகளின் மொழியைத் துருவித் துருவிக் கண்டறிந்து தன்னார்வலர் எழுதிய சுதந்திர இயக்கி ஒன்று உண்டு. ஆனால் 2014இல் வந்த இரண்டாம் மக்ஸ்வெல் வரிசை முதல், நிறுவனத்தின் கையொப்பமிட்ட உள்மென்பொருள் இல்லாமல் சிப்பின் வேகத்தை உயர்த்த இயலாதவாறு பூட்டுப் போடப்பட்டது. ஆகவே பாஸ்கல் அட்டை நூவோவின் கையில் அடிமட்ட வேகத்திலேயே தவழ்கிறது. 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் கமராவைப் பார்த்து என்விடியாவுக்கு நடுவிரல் காட்டியதை நாகரிகக் குறைவு என்றார்கள், இருக்கலாம். பத்து வருடம் கழித்து, 2022 மே மாதத்தில், என்விடியா தன் இயக்கியின் கருவிலுள்ள பகுதியின் மூலநிரலைத் திறந்தது. எந்த அட்டைகளுக்கு? 2018இன் டியூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும். பாஸ்கலுக்கு இல்லை. நிறுவனத்தின் மூடிய இயக்கி போய்விட்டது, திறந்த பகுதி பொருந்தாது, தன்னார்வலரின் இயக்கிக்குப் பூட்டு. மூன்று கதவும் அடைத்தாயிற்று.

வியாபார இரகசியம் என்ற சமாதானம் இங்கு செல்லாது. ஏ.ரி.ஐ.யை வாங்கிய ஏ.எம்.டி. 2007இலிருந்து தன் சிப்புகளின் தொழினுட்ப ஆவணங்களைப் பகிரங்கமாக வெளியிடத் தொடங்கியது. அதனால் அந்நிறுவனம் அழிந்தா போயிற்று? 2002இல் வந்த ரேடியான் 9700 அட்டைக்கான இயக்கி, லினக்ஸில் பாவிக்கப்படும் மெசா என்ற திறந்த தொகுப்பில் இன்றும் இருக்கிறது. அன்று பிறந்த பிள்ளை இன்று வேலைக்குப் போகிறது. விண்டோஸில் பியூரியைக் கைகழுவிய அதே நிறுவனத்தின் அட்டைகள்தாம் இவை என்பதைக் கவனியுங்கள். நிறுவனத்தின் கருணையால் இது நடக்கவில்லை. ஆவணம் வெளியில் இருந்தது, எழுதுவதற்கு ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இலங்கையில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இறக்குமதிக் கட்டுப்பாடுகளாலும், 2022இல் டொலரின் விலை சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை எகிறியதாலும், புதுக் கணினி என்பது இங்கு பலருக்குக் கனவாயிற்று. பாவித்த கணினிகளும் பாவித்த அட்டைகளுமே மாணவருக்கும் சிறு அச்சகங்களுக்கும் கிடைக்கின்றன. 2000களின் தொடக்கத்தில் சில பத்து மெகாபைட்டுக்குள் அடங்கிய இயக்கி இன்று 600 மெகாபைட்டையும் தாண்டுகிறது. கைத்தொலைபேசித் தரவில் அதனை இறக்குபவர் ஒவ்வொரு தடவையும் காசு கொடுக்கிறார். 2016 முதல் 2024 வரை, என்விடியாவின் துணைச்செயலி வழியாக அதனைத் தானாகப் பெறுவதற்குக் கணக்குத் திறந்து உள்நுழைய வேண்டும் என்ற நிபந்தனை வேறு. இதற்கிடையில், 'உங்கள் இயக்கிகள் பழையவை' என்று அச்சமூட்டித் திரையில் குதிக்கும் விளம்பரங்கள் தனியொரு வியாபாரம். அவற்றை அழுத்தாதீர்கள். இயக்கியைச் செய்தவரின் தளமும் விண்டோஸின் சொந்த இற்றைப்படுத்தலும் தவிர மூன்றாம் இடம் எதற்கு?

பத்திரிகை அலுவலகங்களில் எழுதாத சட்டம் ஒன்றுண்டு: பக்கம் அச்சுக்குப் போகும் இரவில் வடிவமைப்புக் கணினியில் எதையும் புதிதாக நிறுவக்கூடாது. வீட்டுக்கும் அது பொருந்தும். பாதுகாப்புத் திருத்தம் என்றால் ஒரு வாரத்துக்குள் போடுங்கள். புதிய விளையாட்டுக்கான பதிப்பு என்றால், அந்த விளையாட்டை நீங்கள் ஆடாதவரை, விட்டுவிடுங்கள். ஒழுங்காக ஓடிய பதிப்பின் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். வெளியீட்டுக் குறிப்பில் 'அறியப்பட்ட குறைகள்' என்றொரு பகுதி வரும். நிறுவனங்கள் எழுதுவதில் ஓரளவு நேர்மையானது அதுவே, எமது பத்திரிகைகளின் 'திருத்தம்' பத்தியைப் போல. அதை வாசியுங்கள்.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. ஆதரவை நிறுத்தும் நாளில் ஆவணத்தையும் பூட்டின் சாவியையும் பொதுவில் வைக்க வேண்டும். இதைக் கெஞ்சிக் கேட்பதால் பயனில்லை, சட்டம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒரு கைத்தொலைபேசி மாதிரியின் விற்பனை முடிந்த பின்னரும் ஐந்து வருடங்களுக்கு இயங்குதள இற்றைப்படுத்தலை வழங்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அவ்விதி மேசைக் கணினிக்கோ வரைகலை அட்டைக்கோ பொருந்தாது. பாரிஸிலும் பேர்லினிலும் வாக்குரிமை உள்ள எம்மவர், ஊர்ப் பிரச்சினைக்கு மனு எழுதும் அதே பேனாவால், தத்தம் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதைப் பற்றியும் ஒரு வரி எழுதலாம்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழைய கணினிகளைப் பொதி கட்டி அனுப்பும் அன்பர்கள், கட்டுவதற்கு முன் உள்ளிருக்கும் அட்டையின் பெயரைப் பார்த்து, அதற்கான இறுதி இயக்கியைத் தரவிறக்கி, ஒரு பென்டிரைவில் போட்டுக் கணினியோடு சேர்த்து அனுப்புங்கள். பழைய பதிப்புகளை நிறுவனத் தளங்களில் என்றென்றும் வைத்திருப்பார்கள் என்று எவரும் உத்தரவாதம் தரவில்லை.