முன்பணம்

"நம்ம பிள்ளைங்களுக்கு ஆராய்ச்சி மேல ஆசையே கிடையாதுங்க. வாசலுக்கே வந்து கூப்பிட்டாலும் லீவுல கூலி வேலைக்குத்தான் ஓடுதுங்க."

ஒரு கருத்தரங்கில் இப்படிப் பேசியவர் ஒரு பேராசிரியர். சாதி இந்து யாராவது பேசியிருந்தால், வழக்கமான தகுதி திறமைப் புலம்பல் என்று எழுந்து டீ குடிக்கப் போயிருக்கலாம். பேசியது நம் ஆள், சேரியில் பிறந்து படித்து மேலே போனவர். அரங்கில் இருந்த மாணவத் தோழர்கள் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும்தான் குனிந்தேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரி மாணவர்களைக் கோடையில் இரண்டு மாதம் ஆய்வுக்கூடங்களுக்கு அழைத்து, ஒரு விஞ்ஞானியிடம் வேலை பழக வைத்து, உதவித்தொகையும் தரும் திட்டங்கள் இருக்கின்றன. சி.வி. ராமன் 1934-ல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமி, மற்ற இரண்டு தேசிய அகாதமிகளோடு சேர்ந்து பல ஆண்டுகளாக இப்படி ஒன்றை நடத்தியிருக்கிறது. மத்திய அரசு 2008-ல் தொடங்கிய 'இன்ஸ்பயர்' திட்டத்தில் வருஷத்துக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடை ஆய்வுக்கென்று ஒதுக்கியது. ஆய்வை முடித்து, அறிக்கையும் வழிகாட்டியின் சான்றிதழும் கொடுத்த பிறகுதான் அந்த 20,000. இந்தத் திட்டங்கள் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நமக்கு வேண்டும். 'கொடுத்த பிறகு' என்று இருக்கிறதே, என் சண்டை அந்த இரண்டு சொல்லோடுதான்.

2008 கோடை. நான் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் வருஷம் முடித்திருந்தேன். வெளிமாநில ஆய்வுக்கூடம் ஒன்று என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாகக் கடிதம் வந்தது. எங்கள் கல்லூரியிலிருந்து நான் ஒருத்தன்தான். ஐந்தாறு தடவை படித்தேன். கடைசித் தடவைதான் கீழே இருந்த வரிகள் கண்ணில் நின்றன. ரயில் கட்டணம், டிக்கெட்டைக் காட்டினால் பிறகு தரப்படும். விடுதிக்கு வைப்புத்தொகை கட்ட வேண்டும். உதவித்தொகை, இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பிறகு.

அதே நேரத்தில் எங்கள் வீட்டில் இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கல்யாணத்துக்காகச் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியிருந்தோம். பொங்கல் முடிந்து போனால் மழை பிடிக்கும்வரை அங்கேதான். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வாரத்துக்கு ஒருக்கா சோத்துச் செலவுக்குக் கொஞ்சம் கையில் கொடுப்பான், மிச்சம் முன்பணத்தில் கழியும். கோடை மழை பெய்து பச்சைக்கல் கரைஞ்சிபோச்சின்னா அது நம்ம தலையில. பிளஸ் டூ முடித்த கோடையிலும் அதற்கடுத்த கோடையிலும் நான் அங்கேதான் மண் மிதித்தேன், கல் அறுத்தேன். மூன்றாவது கோடைக்கும் மேஸ்திரி நோட்டில் என் பெயர் ஏறியிருந்தது. வாங்கின பணம் எத்தனை ஆளுக்கு என்பது அந்த நோட்டில் இருக்கும். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. அது மேஸ்திரிக்குத் தெரியுமோ என்னவோ.

அப்பா கடிதத்தை வாங்கி, இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீ போய்யா. நாங்க ரெண்டு மணிக்கே எழுந்திரிச்சிக்கிறோம்" என்றார். அதுவரைக்கும் மூன்று மணிக்கு எழுந்துகொண்டிருந்தவர்கள். அந்த ரெண்டு மணியைக் கேட்ட பிறகு என்னால் கிளம்ப முடியவில்லை. சூளைக்குத்தான் போனேன்.

இதை யாரும் தியாகம் என்று எழுதிவிட வேண்டாம், எனக்கு அந்த வார்த்தையைக் கண்டாலே எரிச்சல். ஆசையில்லை என்றும் எழுத வேண்டாம். சூளைக்காரன் பணம் ஆறு மாதம் முன்னாலேயே எங்கள் வயிற்றுக்குள் போய்விட்டது. ஆய்வுக்கூடத்துப் பணம் ஆவணியிலோ புரட்டாசியிலோ வரும். நடுவில் கிடக்கிற மாதங்களை யார் தாங்குவது? அப்பாவின் சம்பளம் தாங்குகிறவன் போகிறான். போனவனுக்கு 'ஆராய்ச்சி மனப்பான்மை' இருக்கிறது என்று எழுதிக்கொள்கிறார்கள். சுற்றி வளைக்காமல் சொன்னால், இரண்டு மாதம் அரசுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்க முடிந்த மாணவன்தான் அங்கே விஞ்ஞானி ஆகலாம்.

பேராசிரியருக்கு அண்ணலின் கதை தெரியாமல் இருக்காது. 1913-ல் பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று வருஷத்துக்குக் கொடுத்த உதவித்தொகையில்தான் அவர் கொலம்பியா போனார். படித்துவிட்டு வந்து பத்து வருஷம் பரோடாவில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். அதுவும் ஒரு முன்பணம்தான். லண்டன் போனவர், உதவித்தொகைக் காலம் முடிந்ததால் ஆய்வைப் பாதியில் விட்டு 1917-ல் திரும்ப வேண்டி வந்தது. பரோடாவில் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் 1918-லிருந்து பாடம் நடத்தி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நண்பர் நவல் பதேனாவிடம் கடனும் வாங்கித்தான் 1920-ல் மறுபடி கப்பல் ஏறினார். நான் தினமும் கவுண்ட்டரில் எண்ணுகிற இந்த ரூபாயைப் பற்றிய அந்த ஆய்வு 1923-ல்தான் முடிந்தது. நடுவே வேலைக்குப் போன அந்த அம்பேத்கரைப் பார்த்து, 'ஆராய்ச்சி மேல ஆசை கிடையாது' என்று சொல்ல இந்தப் பேராசிரியருக்கு வாய் வருமா?

ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று எழுதிவைத்த கடைசிக் கடிதத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஏழு மாத ஆய்வு உதவித்தொகை, 1,75,000 ரூபாய், தனக்கு வர வேண்டியிருக்கிறது என்று எழுதினார். அதை வீட்டாரிடம் சேர்க்கச் சொன்னார். நண்பருக்குத் தர வேண்டிய 40,000 போலக் கடனையும் அதிலிருந்து அடைக்கச் சொன்னார். மாதம் 25,000, ஏழு மாதம். ஒரு வங்கிக் குமாஸ்தாவாக அந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிட்டு அன்றைக்கு என்னால் கவுண்ட்டரில் உட்கார முடியவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. எனக்கு வருஷா வருஷம் பண்டிகை முன்பணம் உண்டு, வட்டி கிடையாது. அதிகாரி வெளியூர் போனால் பயணப்படியை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். மாதச் சம்பளக்காரனை நம்பி முன்னாலேயே கொடுக்கிறார்கள். கையில் காலணா இல்லாத பிள்ளையிடம்தான் 'முதலில் செலவழி, ரசீது கொண்டு வா' என்கிறார்கள். சேருகிற அன்றைக்கே முதல் மாதப் பணம் கைக்கு வர வேண்டும், டிக்கெட்டை அவர்களே எடுத்து அனுப்ப வேண்டும். கேட்க வேண்டியது இதைத்தான். தொகையைக் கூட்டு என்றே கேட்டுக் கேட்டு, எப்போது கொடுக்கிறாய் என்று கேட்க நம் சங்கங்கள் மறந்துபோயின.

பேராசிரியரை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது. எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்கள் நாம். "ஆராய்ச்சியெல்லாம் பாப்பான் பொழப்பு. பேங்க் பரீட்சை எழுது, குரூப் ஃபோர் எழுது" என்று புரட்சிகரமான குரலில் சொல்கிறோம். இரண்டு வருஷம் முன்னால் ஒரு தம்பி என்னிடம் வந்தான். ஒரு கையில் ஆய்வுக்கூடத்துக் கடிதம், இன்னொரு பக்கம் திருப்பூர் பனியன் கம்பெனியில் கோடை வேலை. "முதல்ல வேலையப் புடி தம்பி, மத்தது அப்பறம்" என்றேன். சரிங்கண்ணே என்று போனான். இப்போதும் அங்கேதான் செக்கிங்கில் இருக்கிறான். எதைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அவனைக் கூப்பிட்டிருந்தார்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. என் சூளையை அவன் தலையில் வைத்து அனுப்பிவிட்டேன்.

இந்த வருஷம் ஒரு தங்கச்சி. எம்.எஸ்சி. இயற்பியல். போன இரண்டு கோடையும் ஜவுளிக்கடையில் நின்றவள். நின்றவள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கடைகளில் உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், அவள் கடைக்கு நாற்காலி வரவில்லை. இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டேன். வங்கியில் நம் தோழர்கள் ஐந்து பேர் பண்டிகை முன்பணத்திலிருந்து போட்டோம். ரயிலுக்கு, விடுதி வைப்புத்தொகைக்கு. கடையிலிருந்து அவள் கொண்டுவந்திருக்கக்கூடிய இரண்டு மாதச் சம்பளத்தையும் கணக்குப் போட்டு அவள் அம்மா கையில் கொடுத்தோம். இதில்தான் ரொம்ப வாதம் நடந்தது. "டிக்கெட் போதாதா தோழர்" என்றார் ஒருவர். போதாது. டிக்கெட் மட்டும் எடுத்துக் கொடுத்தால் அவள் அம்மா இரண்டு மணிக்கு எழுந்திருப்பாள்.

அந்த அம்மா பணத்தை வாங்கிக்கொண்டு, "எங்கப்பா கையெழுத்து போடணும்?" என்று கேட்டார். எங்கேயும் வேண்டாம் என்றோம். கடைசிவரை அவர் நம்பவில்லை.

தங்கச்சி ஜூன் கடைசியில் அறிக்கையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். பாஸ்புக்கில் வரவு பதிய மூன்று தடவை என் கவுண்ட்டருக்கு வந்துவிட்டாள். இதை எழுதுகிற இன்று வரை பணம் ஏறவில்லை.