நீர் எவர் வீட்டுச் சொல்?

பழவேற்காட்டு ஏரிக்குத் தெற்கே, அனுப்பம்பட்டில் தமிழ்ப்பெண் குடத்தில் முகப்பது தண்ணீர். ஏரியின் வடகரையில் தெலுங்குப்பெண் முகப்பது நீள்ளு. கன்னடத்திலும் துளுவிலும் நீரு; கோலாமியில் முதலெழுத்து உதிர்ந்து ஈர்; தொலைவில், பலுச்சித்தானத்துப் பிராகுவியிலோ தீர். இத்துணைக் கிளைகளில் தழைத்த சொல்லை 'நீரம்' என்னும் வடசொல்லின் சிதைவென்று இன்றும் கூசாமல் கூறுவோர் உளர்!

இருக்கு வேதத்தில் அச்சொல் உண்டா? அங்கே வழங்குவன 'ஆப', 'உதக' முதலியனவே. நீரம் பின்னாளில் புகுந்தது. அது திரவிடத்தினின்று பெற்ற கடனென்று, 1856-இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெலே காட்டினார். (அவர் தமிழரல்லர், தமிழ்வெறி என்று தள்ளவும் இயலாது.)

கடன் கொடுத்தவன் வீட்டில் நடப்பதென்ன? கோயிலில் 'தீர்த்தம்' ஏந்துகின்றான்; திருமணப் பந்தியில் 'வாட்டர்' கேட்கின்றான். அயலான் பறித்தது போக எஞ்சியதை நாமே கொட்டிக் கவிழ்க்கின்றோமே, தமிழர்காள்!