நிற்க மறந்த உயிரணு



அண்மையில் நம் பங்கில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். மார்பிலிருந்த கட்டியை எட்டுத் திங்களாக மறைத்துவைத்திருந்த தாய் ஒருவர், தமக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட தட்டில் உண்டுகொண்டிருந்தார். “சாமி, நான் என்ன பாவம் செய்தேன்?” என்று அவர் கேட்டார். பிறவிக் குருடரைக் குறித்துச் சீடர்கள் ஆண்டவரிடம் கேட்டதும் இதுவேயன்றோ? பாவம் காரணமன்று என்றே அவர் மறுமொழி கூறினார்.

பின் காரணந்தான் யாது? விடையின் ஒரு பகுதி கடலிலிருந்தே கிடைத்தது. நம் கடற்கரையில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. எனினும் கடலில் இறங்குவோர் கடல் முள்ளெலியின் முள்ளை இன்றும் அறிவர். அவ்வினத்தின் முட்டைகளை 1982இல் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் ஆய்வுக்கூடத்தில் டிம் ஹண்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஆராய்ந்தார். உயிரணு இரண்டாகப் பிரியுமுன் ஒரு புரதம் சிறுகச் சிறுகப் பெருகியது, பிரியும் வேளையில் மறைந்தது, மீண்டும் பெருகியது. கடல்நீர் ஏறி வற்றுவதுபோன்ற இப்புரதத்திற்குச் ‘சைக்ளின்’ எனப் பெயரிட்டார். இவ்வகைப் புரதங்கள் மனித உடலிலும் உள்ளன. ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகிய இருவரோடு 2001இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

‘பிரிக’ எனத் தூண்டும் புரதங்கள் இருப்பதுபோல், ‘நில்’ எனத் தடுக்கும் புரதங்களும் உண்டு. அவற்றுள் ஒன்று பி53. துறைமுகத்தில் அனுமதியின்றிக் கப்பல் நுழைய இயலாததுபோல், மரபுப்பொருள் பழுதுபட்ட உயிரணுவை இது பிரியவிடாது நிறுத்தும். பழுது நீங்காவிடில் அவ்வணுவை மடியச் செய்யும். மனிதருக்கு வரும் புற்றுநோய்களுள் ஏறத்தாழப் பாதியில் இக்காவலனே பழுதுபட்டிருக்கிறான். புகையிலையின் நஞ்சு அவனைக் கெடுப்பவற்றுள் ஒன்று. காவல் இழந்த உயிரணு, நிற்க மறந்து பெருகுகிறது. வளர்ச்சி நன்றே, நிற்கத் தெரியாத வளர்ச்சியோ அழிவு.

ஆகவே இது சாபமுமன்று. ஒரே தட்டில் உண்பதால் ஒட்டிக்கொள்வதுமன்று. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரோடு முடங்கிவிடவில்லை. 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கச் செய்தார். நாமோ கட்டியை மறைக்கிறோம், தட்டைப் பிரிக்கிறோம்.

தாய்மாரே, ஆறாத புண்ணோ, புதிய கட்டியோ கண்டால் நாணாது உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளே, நோயுற்ற அன்னையின் தட்டை இன்றே உங்கள் தட்டுகளோடு சேர்த்து வையுங்கள்.